‘ஆரம்பிச்சா நிறுத்த முடியாது’: உணவு, உடல் பற்றிய நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குகிறார்கள். இதைச் சாப்பிடலாம், அதைத் தொடக்கூடாது, இத்தனை மணிக்கு மேல் வாயைக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஓடும். பிறகு ஒரு மாலையில் பிஸ்கட் பாக்கெட் காலியாகும். “எனக்கு கன்ட்ரோலே இல்லை” என்ற தீர்ப்போடு பட்டியல் குப்பைக்குப் போகும். அடுத்த முறை இன்னும் கடுமையான பட்டியல்.

அந்த மாலையில் மூன்றாவது பிஸ்கட்டுக்கும் நான்காவது பிஸ்கட்டுக்கும் நடுவே மனம் ஏதோ ஒன்று சொல்லியிருக்கும். “இன்னைக்குக் கெட்டுப்போச்சு, இனி எவ்வளவு சாப்பிட்டா என்ன” என்பது போல. பட்டியலைக் கவிழ்த்தது அந்த வாக்கியம். அப்படிப்பட்ட வாக்கியங்களைப் பிடித்து, காகிதத்தில் இறக்கி, சாப்பாட்டு மேசையிலேயே சோதித்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறோம். எட்டு வாரம் ஒதுக்குங்கள். சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நம்பிக்கை மனதோடு நிற்பதில்லை, உடம்புக்குள்ளும் போகிறது. 2011இல் ஆலியா கிரம் குழுவினர் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், ஒரே 380 கலோரி மில்க் ஷேக்கை ஒரு முறை “620 கலோரி, ஆசை தீரக் குடிக்கும் பானம்” என்ற பொருள்படும் லேபிளோடும், இன்னொரு முறை “140 கலோரி, அளவான பானம்” என்ற பொருள்படும் லேபிளோடும் கொடுத்தார்கள். முதல் லேபிளைப் பார்த்துக் குடித்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் நன்றாக இறங்கியது. இரண்டாவது லேபிளோடு குடித்தபோது அது பெரிதாக அசையவே இல்லை. உள்ளே போனது என்னவோ ஒரே பானம்தான்.

யார் இதைத் தனியாகச் செய்யக் கூடாது

சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றுவது, பேதி மாத்திரை போடுவது, எடை வேகமாகக் குறைவது, மயக்கம் வருவது, மாதவிடாய் நின்றுபோவது, அளவு கடந்து தின்று தீர்க்கும் நேரங்கள் வாராவாரம் வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரையும் மனநல நிபுணரையும் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வேளை நேரத்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவு ஒவ்வாமையைச் சோதனைக்கே எடுக்காதீர்கள். “நிலக்கடலை எனக்கு ஆகாது” என்று ஒவ்வாமை உள்ளவர் சொன்னால் அது வெறும் நம்பிக்கை இல்லை, அவர் உயிர் சம்பந்தப்பட்ட தகவல்.

முதல் படி: ஏழு நாள் நோட்டு

ஏழு நாளும் எதையும் மாற்றாமல் சாப்பிடுங்கள். கலோரி எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை வாயில் எதுவும் போகும்போதும் ஆறு விஷயங்கள் மட்டும்: நேரம், இடம், முன்பு சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, பசி எவ்வளவு, என்ன சாப்பிட்டீர்கள், மனதில் ஓடிய வாக்கியம். பசிக்கு 1 முதல் 10 வரை எண் கொடுங்கள். 1 என்றால் கை நடுங்கும் பசி, 5 என்றால் பசியும் இல்லை நிறைவும் இல்லை, 10 என்றால் வயிறு வலிக்கும் அளவு.

ஆறில் கடைசிதான் உயிர்நாடி. அதை மனம் எப்படிப் பேசியதோ அப்படியே பேச்சுத் தமிழில் எழுதுங்கள். “நான் அளவுக்கு மீறி உண்டதாக உணர்ந்தேன்” என்று எவருடைய மனமும் பேசாது. “தின்னிப்பண்டாரம், உனக்கு வெக்கமே இல்லையா” என்று பேசியிருக்கலாம். எழுத்துத் தமிழுக்கு மாற்றிய மறுநிமிடமே அதன் விஷம் இறங்கிவிடும், பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது.

ஒரு பதிவு இப்படி இருக்கும்:

செவ்வாய், மாலை 6.40. அடுக்களையில் நின்றபடி. மதியம் 12.30க்குப் பிறகு ஒன்றும் இல்லை. பசி 2. பிஸ்கட் 9. முதல் பிஸ்கட்டுக்கு முன்: “ஒண்ணே ஒண்ணு.” மூன்றுக்குப் பின்: “போச்சு, நாளைக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.” முடித்ததும்: “நான் திருந்தவே மாட்டேன்.”

இந்தப் பதிவில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஆறு மணி நேரம் பத்து நிமிடம் வயிறு காலி. இது வெறும் பசிக் கணக்கு. இரண்டாவது, மூன்று வாக்கியங்களும் மூன்று வேலை செய்கின்றன. முதலாவது கதவைத் திறக்கிறது, இரண்டாவது பூட்டையே கழற்றிவிடுகிறது, மூன்றாவது அடுத்த கடும் பட்டியலுக்கு அடிபோடுகிறது. நடுவில் இருப்பதுதான் ஆறு கூடுதல் பிஸ்கட்டுக்குக் காரணம்.

இந்தப் படியில் நடக்கும் தவறுகளில் முக்கியமானது, இரவு படுக்கும் முன் மொத்தமாக எழுதுவது. அதற்குள் வாக்கியம் மறந்து தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் எழுத முடியாவிட்டால் போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் “கவலை”, “கோபம்” என்று உணர்வை எழுதுவது. கவலை என்றால், அது என்ன சொல்லிற்று என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டாம் படி: தோண்டுவது

1960களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை, எண்ணங்களை மூன்று அடுக்காகப் பார்க்கிறது. மேலே சட்டென்று வந்துபோகும் எண்ணம். அதன் கீழே ஒரு விதி. எல்லாவற்றுக்கும் அடியில் தன்னைப் பற்றிய ஒரு ஆழ்ந்த நம்பிக்கை. நோட்டில் விழுவது மேலடுக்கு. கீழே இறங்க ஒரே கேள்வி போதும்: “அது நிஜம்னே வெச்சுக்குவோம், அப்படின்னா என்ன அர்த்தம்?” இங்கே வாதாடக் கூடாது. “மூணு பிஸ்கட்டுல ஒரு நாள் எப்படிக் கெடும்” என்று புத்தி சொல்லத் தொடங்கினால் தோண்டல் அங்கேயே நின்றுவிடும்.

“போச்சு, நாளைக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.”
அப்படின்னா? “இன்னைக்கு நாள் வீணாப்போச்சு.”
அப்படின்னா? “சொன்னதை என்னால காப்பாத்த முடியலை.”
அப்படின்னா? “இனிப்பு விஷயத்துல ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த முடியாது.”
அப்படின்னா? “என் பசியை நம்ப முடியாது, கயிறு போட்டுக் கட்டித்தான் வைக்கணும்.”

நான்கைந்து படியில் அடி தட்டும். அதே வாக்கியம் திரும்ப வந்தாலோ தொண்டை அடைத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

விதிகளைக் கண்டுபிடிக்க இன்னொரு குறுக்கு வழி உண்டு. ஏழு நாள் நோட்டில் “ணும்”, “கூடாது”, “எப்பவுமே”, “னாலே” என்று வரும் இடங்களையெல்லாம் சுழியுங்கள். “தட்டுல மிச்சம் வைக்கக் கூடாது.” “ராத்திரி சாப்பிட்டாலே சதை போடும்.” “வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும், சாப்பிட்டுத்தான் ஆகணும்.” “உடற்பயிற்சி செஞ்சாத்தான் வயிறு நிறைய சாப்பிடணும்.” இவை ஒவ்வொன்றும் விதி.

சுழித்தவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100க்கு மதிப்பெண் போடுங்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் வந்ததும், 60க்கும் 90க்கும் இடையில் நம்புவதும் நல்ல தேர்வு. அடியாழத்தில் கிடைத்ததை முதலில் எடுக்க ஆசை வரும். வேண்டாம். “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்பதை எந்தத் தட்டிலும் வைத்துச் சோதிக்க முடியாது. “ஆரம்பிச்சா நிறுத்த முடியாது” என்பதைச் சோதிக்கலாம்.

சில விதிகள் உண்மையாகவே இருக்கும், அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு கடைக்குப் போனால் கண்டதையும் வாங்குவீர்கள் என்று நோட்டே காட்டினால், அது உங்களைப் பற்றிய நல்ல தகவல்.

இந்த விதி எங்கிருந்து வந்தது, யார் வாயில் முதலில் கேட்டது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேரைக் கண்டுபிடித்தவர்கள் பலர், அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அதே தட்டில் அதே அளவு சாப்பிடுகிறார்கள்.

மூன்றாம் படி: முதலில் வேளை

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அந்தப் பத்தில் உங்கள் சோதனையும் ஒன்று. ஆறு மணி நேரம் காலி வயிற்றோடு இருந்துவிட்டு இனிப்பை முன்னால் வைத்தால், யாராக இருந்தாலும் அளவு தாண்டும். அதை வைத்து “பார்த்தியா, எனக்கு நிறுத்த முடியாது” என்று முடிவு கட்டுவது செல்லாது.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் தேவையில் ஏறக்குறைய பாதி உணவே கொடுத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாமல் போனார்கள். சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். இவர்கள் யாரும் ஆய்வுக்கு முன்பு சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் கிடையாது.

ஆகவே இரண்டு வாரம் வேளையை மட்டும் சரிசெய்யுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உண்ணல் கோளாறுகளுக்காக உருவாக்கிய சிகிச்சையின் அடித்தளமும் இதுவே. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு உணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. என்ன சாப்பிடுவது என்பதைத் தொட வேண்டாம். எப்போது என்பது மட்டும். நேரத்தைக் காலையிலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே வரும் சறுக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான். முந்தின இரவு அதிகம் சாப்பிட்டதால் காலை வேளையைத் தவிர்ப்பது. அன்று மாலை 6.40க்கு என்ன நடக்கும் என்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

நான்காம் படி: சோதனை

“நிறுத்த முடியாது என்பது உண்மையில்லை” என்று நூறு முறை சொல்லிக்கொண்டாலும் நம்பிக்கை 85இலிருந்து 80க்குக்கூட இறங்காது. அது கணித்ததற்கு மாறாக ஒன்று கண்ணெதிரே நடந்தால் இறங்கும். அதனால் நம்பிக்கையை ஒரு கணிப்பாக மாற்ற வேண்டும்.

“இனிப்பு ஆரம்பிச்சா நிறுத்த முடியாது” என்பதை எடுத்துக்கொள்வோம். கணிப்பு: “20 பிஸ்கட் உள்ள பாக்கெட்டைப் பிரிச்சா அரை மணி நேரத்துல காலியாகும்.” நம்புவது 85.

உங்களுக்கு மிகவும் பயம் தரும் உணவோடு தொடங்காதீர்கள். பயம் பத்துக்கு ஐந்து அளவில் இருக்கும் ஒன்றை எடுங்கள். சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, பசி 4க்கும் 6க்கும் நடுவில் இருக்கும்போது உட்காருங்கள். நான்கு பிஸ்கட்டைத் தட்டில் எடுத்து வையுங்கள். பாக்கெட் மேசை மேலேயே இருக்கட்டும். இது முக்கியம்: பாக்கெட்டை ஒளித்துவிட்டு நான்கோடு நிறுத்தினால், “ஒளிச்சு வெச்சதாலதான் தப்பிச்சேன்” என்று நம்பிக்கை இன்னும் வலுக்கும். போன், திரை எதுவும் வேண்டாம். நான்கையும் மெதுவாகச் சாப்பிட்டு, பத்து நிமிடம் அங்கேயே உட்காருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், தடை இல்லை. எத்தனை சாப்பிட்டீர்கள், ஆசை எப்போது உச்சத்தில் இருந்தது, எத்தனை நிமிடத்தில் தணிந்தது என்று எழுதி, புது மதிப்பெண் போடுங்கள். இரண்டு வாரத்தில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் சாப்பிடும் முன்பே கணிப்பை எழுதிவிட வேண்டும்.

திரை வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிறைவு என்பது வயிற்றின் கணக்கு மட்டும் இல்லை, நினைவின் கணக்கும்கூட. பால் ரோசின் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புதிய நினைவுகள் தங்காத இரண்டு நோயாளிகள், மதிய உணவு முடித்துச் சில நிமிடங்களில் இன்னொரு மதிய உணவு வைத்தபோது அதையும் சாப்பிட்டார்கள். வேறெங்கோ கவனம் வைத்துச் சாப்பிட்டது சாப்பிட்டதாகவே பதியாது. “எனக்கு அளவே தெரியாது” என்பவர்கள் பலர், அளவு பதியாத விதத்தில் சாப்பிடுகிறார்கள்.

முதல் முறை ஏழு பிஸ்கட் போகலாம். உடனே “தோத்துட்டேன்” என்று எழுதத் தோன்றும். கணிப்பைப் பாருங்கள்: 20. நடந்தது 7. ஏழு அதிகமா குறைவா என்பது வேறு கேள்வி. “நிறுத்த முடியாது” என்ற வாக்கியம் பொய்த்திருக்கிறது. சோதனைக்குப் பின் எல்லைக்கோட்டை நகர்த்துவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று, அதனால்தான் கணிப்பை முன்கூட்டியே எண்ணாக எழுதச் சொல்கிறோம்.

பாக்கெட் நிஜமாகவே காலியானால்? அந்த நிமிடத்துக்கு முன் ஓடிய வாக்கியத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது “போச்சு”வாக இருக்கும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்ற கணக்கு. பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் 1975இல் இதை ஆய்வுக்கூடத்தில் பிடித்தார்கள். முன்கூட்டியே மில்க் ஷேக் குடிக்க வைத்தபோது, சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் அடுத்து வைத்த ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். மில்க் ஷேக் அவர்களுடைய விதியை உடைத்துவிட்டது, உடைந்த விதிக்குப் பின்னால் பிரேக் இல்லை. ஆக, பாக்கெட் காலியானது இனிப்பின் குணமா, விதியின் குணமா என்று அடுத்த சோதனையில் பாருங்கள்: “நான் இன்னொரு பாக்கெட் நாளைக்கும் சாப்பிடலாம்” என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

“தட்டுல மிச்சம் வைக்கக் கூடாது” என்ற விதிக்குச் சோதனை எளிது. ஐந்து வேளை, வேண்டுமென்றே கடைசி இரண்டு வாய் மிச்சம் வையுங்கள். உறுத்தலை 0 முதல் 10 வரை உடனே ஒரு முறை, 5 நிமிடத்தில் ஒரு முறை, 15 நிமிடத்தில் ஒரு முறை குறியுங்கள். உணவு வீணாவது உறுத்தினால் அந்த இரண்டு வாயை எடுத்து மூடி வையுங்கள். விதி உணவைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்றால் உறுத்தல் அத்தோடு போய்விட வேண்டும். பலருக்குப் போகாது. அப்போது அந்த விதி காப்பாற்றுவது வேறு எதையோ, மறுபடி “அப்படின்னா?” கேட்க வேண்டிய இடம் அது.

ஐந்தாம் படி: உடம்பு பற்றிய வாக்கியங்கள்

“நேத்து ஒரே ஒரு வேளை அதிகமா சாப்பிட்டேன், இன்னைக்கு ஒரு கிலோ ஏறிடுச்சு.” இதற்குச் சோதனையே வேண்டாம், கணக்குப் போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. ஒரு இரவில் அவ்வளவு கொழுப்புச் சேர, செலவழிப்பதற்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். உண்மையில் ஏறியது தண்ணீர். உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். உப்பு, மாதவிடாய் நாட்கள், குடலில் இருப்பது எல்லாம் சேர்ந்து ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். டயட்டின் முதல் வாரத்தில் “மூணு கிலோ குறைஞ்சுது” என்ற சந்தோஷத்தில் பெரும்பகுதியும் இதே தண்ணீர்தான், அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

எடை பார்ப்பதானால் வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். நான்கு எண் சேரும் முன் எதுவும் முடிவு செய்யாதீர்கள். எண் அன்றைய சாப்பாட்டையோ மனநிலையையோ மாற்றுகிறது என்றால் இந்த எட்டு வாரத்துக்கு எடை பார்ப்பதை விட்டுவிடலாம்.

கண்ணாடியும் ஒரு சோதனைப் பொருள். மூன்று நாள் வழக்கம்போலப் பாருங்கள், வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, பழைய துணியைப் போட்டுப் பார்ப்பது உட்பட. எத்தனை முறை என்று கோடு போடுங்கள். அடுத்த மூன்று நாள் அதைப் பாதியாகக் குறையுங்கள். ஆறு இரவும் “உடம்பு எவ்வளவு பிடிக்கவில்லை” என்று 10க்கு மதிப்பெண். அடிக்கடி பார்த்தால்தான் கட்டுக்குள் இருக்கும் என்பது நம்பிக்கை. எந்த மூன்று நாளில் எண் கூடுகிறது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

“எடை குறைஞ்சப்புறம்...” என்று தொடங்கும் வாக்கியங்களுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். நீச்சல், போட்டோ, புதுத் துணி என்று தள்ளிப்போட்டவற்றில் ஒன்றை இந்த வாரமே, இருக்கும் எடையோடு செய்யுங்கள். யார் என்ன சொல்வார்கள் என்று போகும் முன் எழுதுங்கள், நிஜமாகவே என்ன சொன்னார்கள் என்று வந்தபின் எழுதுங்கள். யாராவது உடம்பைப் பற்றிப் பேசத்தான் செய்தால், அதற்குப் பின் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “இளைச்சுட்டியே” என்ற பாராட்டும் “சதை போட்டுட்டே” என்ற குத்தலும் பல நேரம் ஒரே மாலைச் சாப்பாட்டில் கொண்டுபோய் விடும்.

ஆறாம் படி: புது வாக்கியம்

பழைய வாக்கியத்தின் மதிப்பெண் 50க்குக் கீழே இறங்கிய பிறகே புதியதை எழுத வேண்டும். தலைகீழாகத் திருப்பி “எனக்கு முழுக் கட்டுப்பாடு இருக்கு” என்று எழுதினால் ஒட்டாது. சோதனை காட்டியதை மட்டும் எழுதுங்கள்: “பசி அதிகமாகும் முன்னால, உட்கார்ந்து சாப்பிட்டா, நாலுல இருந்து ஏழுக்குள்ள நின்னுக்கும்.” குறைந்தது 60 மதிப்பெண் நம்ப முடிந்தால் சரி.

அதை ஒரு “என்றால்” திட்டத்தோடு கட்டுங்கள். “போச்சு-ன்னு மனசு சொன்னா, தட்டைக் கீழே வெச்சுட்டுப் பத்து நிமிஷம் பார்ப்பேன்.” எப்போது, என்ன செய்வேன் என்று இப்படி முன்கூட்டியே இணைத்து வைக்கும் முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். “இனிமே கவனமா இருப்பேன்” என்பதில் எப்போது என்பதும் இல்லை, என்ன என்பதும் இல்லை.

21 நாளில் பழக்கம் படியும் என்ற பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஃபிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் செய்த, 2010இல் அச்சேறிய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர இடைநிலை மதிப்பு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. சறுக்கிய நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த வேளையை எழுதி வைத்த நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுவது. ஈடுகட்டக் குறைப்பது பழைய விதி மறுபடி நுழையும் கதவு.

மூன்று மாதம் கழித்து ஏழு நாள் நோட்டை மறுபடி எழுதி, “ணும்”, “கூடாது” வரும் இடங்களைச் சுழித்துப் பழைய எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். புதிதாக ஒரு விதி முளைத்திருக்கலாம்: “இந்த நோட்டை ஒரு நாள்கூட விடாம எழுதணும்.” அதையும் சுழியுங்கள்.